எண்ணெய் வித்துக் குடிகளும் சர்க்கார் உதவித் தொகையும்

(கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் ஐக்கிய இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



மணிலாக்கொட்டை பயிரிடும் கிராமங்களுக்கு நான் செல்லும்போதெல்லாம் குடியானவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எண்ணெய் வித்துக்குச் சர்க்கார் உதவிப் பணம் கொடுக்கிறார்கள் என்று சொல்லுகிறார்கள். பத்திரிகையிலும் வருகிறது. ஆனால் எங்கள் கைக்கு ஒரு காசும் வந்து சேரவில்லையே, அது ஏன்?" என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்விதான். இதற்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டுப் போவது உத்தியோகஸ்தனுக்கு அழகல்ல. ஆகையால் இன்று வேறு விஷயங்களை ஒதுக்கிவிட்டு, இந்த உதவித் தொகை எதற்காகக் கொடுக்கப்படுகிறது, எந்தக் கணக்கின்படி கொடுக்கப்படுகிறது, எந்த இடத்தில் அது குடியானவன் கைக்கு எட்டாமல் நழுவிப் போகிறது என்ற மூன்றையும் என்னால் இயன்ற வரையில் விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, இந்தப் பணம் பிச்சையல்ல என்பதை நாம் அறிய வேண்டும். நம் தேசத்தில் செலவாகும் சமையல் எண்ணெயில் 57 சதவீதம் அன்னிய நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது என்று மத்திய சர்க்கார் 2024-ஆம் வருஷத்தில் தெரிவித்தார்கள். அதே வருஷம் அக்டோபர் மாதத்தில் எண்ணெய் வித்துக்களுக்கென ஒரு தேசியத் திட்டத்தை மந்திரி சபையார் அங்கீகரித்தார்கள். ஏழு வருஷங்களுக்கு அதன் செலவு 10,103 கோடி ரூபாய். 2022-23-ஆம் வருஷத்தில் 390 லட்சம் டன்னாக இருந்த எண்ணெய் வித்து விளைச்சலை 2030-31-க்குள் 697 லட்சம் டன்னாக உயர்த்துவது அதன் உத்தேசம். இவ்வளவு விளைச்சலைத் தரவேண்டியவர்கள் யார்? மானாவாரி நிலத்தில் மழையை நம்பி விதைக்கும் நம்மைப் போன்ற கிராமவாசிகளே. விலை நிச்சயமில்லாத பயிரை எவரும் விரும்பிப் பயிரிடமாட்டார்கள். ஆகவே விலையில் ஏற்படும் நஷ்டத்தில் ஒரு பகுதியைச் சர்க்கார் ஏற்பது, தேசத்தின் தேவைக்காகக் குடியானவன் ஏற்கும் அபாயத்திற்கு ஈடேயாகும்.

விலையின் ஏற்றத்தாழ்வு நமக்குப் புதிதல்ல. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறிப் பிரான்ஸ் தேசத்து மார்ஸேல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. அங்கே விலை இறங்கினால் இங்கே களத்தில் விலை இறங்கியது. 1929-ஆம் வருஷத்தில் தொடங்கிய உலக மந்தத்தின்போது அக்கால விவசாயிகள் பட்ட துன்பம் சொல்லி முடியாது. அப்பொழுது விலை வித்தியாசத்தை ஈடுசெய்ய எந்த ஏற்பாடும் இல்லை. தராசு, தரகு, கழிவு ஆகியவற்றில் நடக்கும் மோசங்களைத் தடுக்க 1933-ஆம் வருஷத்தில் சென்னை வர்த்தகப் பயிர் மார்க்கெட் சட்டம் பிறந்தது. இன்று நாம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்று சொல்லும் ஸ்தாபனத்திற்கு அதுவே வித்து. விலைக்கே ஒரு கீழெல்லை வகுக்கும் முயற்சி 1965-ஆம் வருஷத்தில் விவசாய விலைக் கமிஷன் ஏற்பட்ட பிறகுதான் உறுதி பெற்றது.

இப்பொழுது எண்ணெய் வித்துக் குடிகளுக்குச் சர்க்கார் பணம் மூன்று வழிகளில் வருகிறது. மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வழி, சாகுபடிச் சாமான்களுக்குக் கிடைக்கும் மானியம். நல்ல விதை, ஜிப்சம், கருவிகள் முதலியவற்றின் விலையில் ஒரு பகுதியைச் சர்க்கார் ஏற்றுக்கொள்வது இவ்வகை. இது பயிர் வைப்பதற்கு முன்போ, பயிர் நிற்கும்போதோ வருவது.

இரண்டாவது வழி, ஆதரவு விலைக்குச் சரக்கையே வாங்கிக்கொள்வது. கடைத்தெரு விலை சர்க்கார் விதித்த குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கீழே போனால், சர்க்கார் சார்பில் ஒரு ஸ்தாபனம் அந்த விலைக்கே கொள்முதல் செய்யும். 2025-26-ஆம் வருஷத்துச் சாகுபடிக்கு மணிலாக்கொட்டைக்குக் குவிண்டாலுக்கு 7,263 ரூபாயும், எள்ளுக்கு 9,846 ரூபாயும், சூரியகாந்தி வித்துக்கு 7,721 ரூபாயும் இவ்வாறு விதிக்கப்பட்டன. 2023-ஆம் வருஷத்தில் கொப்பரை விலை சரிந்தபோது நம் ராஜ்யத்தில் விற்பனைக்கூடங்களின் மூலமாக அரவைக் கொப்பரை குவிண்டால் 10,860 ரூபாய்க்குக் கொள்முதல் செய்யப்பட்டதைத் தென்னை விவசாயிகள் அறிவார்கள்.

மூன்றாவது வழி, சரக்கை வாங்காமல் விலை வித்தியாசத்தை மாத்திரம் பணமாகக் கொடுப்பது. 2018-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் மத்திய சர்க்கார் அங்கீகரித்த திட்டத்தில் இவ்வழி எண்ணெய் வித்துக்களுக்கென்றே வகுக்கப்பட்டது. குடியானவர் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, குறிப்பிட்ட மார்க்கெட்டில், பகிரங்க ஏலத்தில் சரக்கை விற்கவேண்டும். ஆதரவு விலைக்கும் மார்க்கெட் விலைக்கும் உள்ள வித்தியாசம் அவருடைய பாங்கிக் கணக்கில் சேரும். எந்தப் பயிருக்கு எந்தப் பருவத்தில் இதைக் கைக்கொள்வது என்பதை அந்தந்த ராஜ்ய சர்க்கார் தீர்மானிக்க வேண்டும்.

இந்த மூன்றாவது வழியில்தான் கணக்கு நுட்பமாக இருக்கிறது. குடியானவர் ஏமாறுவதும் இங்கேதான். இதை விளக்க, இத்தகைய ஏற்பாட்டை முதன்முதலில் பெரிய அளவில் செய்து பார்த்த மத்தியப் பிரதேசத்தின் அனுபவத்தைச் சொல்லுகிறேன். அங்கே முக்கியமான எண்ணெய் வித்து சோயா மொச்சை. மணிலாக்கொட்டையும் எள்ளும் அங்கே உண்டு. 2017-ஆம் வருஷத்தில் அந்த ராஜ்யத்துச் சர்க்கார் விலை வித்தியாசத் திட்டத்தை ஏற்படுத்தி, அக்டோபர் 16-ந் தேதி முதல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள்.

அத்திட்டத்தின் விதியைக் கவனமாகக் கேளுங்கள். ஒவ்வொரு குடியானவரும் விற்ற விலையைத் தனித்தனியே பார்த்து முழு நஷ்டத்தையும் ஈடுசெய்வது அதன் விதியல்ல. தங்கள் ராஜ்யத்து மார்க்கெட் விலைகளையும் வேறு இரண்டு ராஜ்யங்களின் விலைகளையும் சேர்த்துச் சராசரியாக ஒரு 'மாதிரி விலை' கணக்கிட்டார்கள். மாதிரி விலைக்கும் ஆதரவு விலைக்கும் உள்ள வித்தியாசமே கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை. ஒருவர் மாதிரி விலைக்கு மேல், ஆதரவு விலைக்குக் கீழ் விற்றிருந்தால் அவருக்கு உண்மையான வித்தியாசம் கிடைக்கும். மாதிரி விலைக்கும் கீழே விற்றவருக்கு அந்த அதிகபட்சத் தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது.

இதை எண்ணிக்கையில் பார்ப்போம். அவ்வருஷம் மணிலாக்கொட்டைக்கு ஆதரவு விலை 4,450 ரூபாய். முதல் தவணைக்குக் கணக்கிட்ட மாதிரி விலை 3,720 ரூபாய். ஆக, அதிகபட்ச உதவித் தொகை குவிண்டாலுக்கு 730 ரூபாய். ஒரே கிராமத்தில் இரண்டு பேர் பத்துப் பத்துக் குவிண்டால் விற்றதாக வைத்துக்கொள்வோம். முதல்வர் சரக்கை நன்றாகக் காயவைத்து, கல்லும் மண்ணும் நீக்கி, 3,900 ரூபாய்க்கு விற்றார். அவருக்கு 550 ரூபாய் சேர்ந்து மொத்தம் 4,450 ரூபாய் ஆயிற்று. நஷ்டம் இல்லை. இரண்டாமவர் ஈரக் கொட்டையை அவசரமாகக் கொண்டுபோய் 3,200 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு 730 ரூபாய் சேர்ந்தும் 3,930 ரூபாய்தான் ஆயிற்று. குவிண்டாலுக்கு 520 ரூபாய், பத்துக் குவிண்டாலுக்கு 5,200 ரூபாய் நஷ்டம். அதிக உதவித் தொகை வாங்கியவரே அதிக நஷ்டம் அடைந்தார் என்ற வேடிக்கையைக் கவனியுங்கள். அவர் 'எனக்கு 7,300 ரூபாய் சர்க்கார் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரனுக்கு 5,500 தான் வந்தது' என்று சந்தோஷப்பட்டுக் கொண்டிருக்கக் கூடும்!

இன்னொரு விஷயமும் அங்கே வெளிப்பட்டது. உதவித் தொகை பெறவேண்டுமானால் குறிப்பிட்ட காலத்திற்குள் விற்கவேண்டும் என்பது விதி. ஆகவே எல்லாரும் ஒரே சமயத்தில் வண்டி கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்தார்கள். சரக்கு குவிந்தது, விலை இறங்கிற்று. 'குறைகிற விலையைத்தான் சர்க்கார் கொடுத்துவிடுவார்களே' என்று வியாபாரிகளும் துணிந்து குறைவாகக் கேட்டார்கள் என்ற புகார் எங்கும் எழுந்தது. உளுந்துக்கு ஆதரவு விலை 5,400 ரூபாயாக இருக்க, மாதிரி விலை 3,000 ரூபாயாக இறங்கியது. குடியானவருக்கென்று சர்க்கார் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு, இவ்வாறு விலை இறக்கத்தின் வழியாக வாங்குவோருக்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ராஜ்யத்தில் 2025-ஆம் வருஷத்தில் சோயா மொச்சைக்கு இந்த முறை மறுபடியும் கொண்டுவரப்பட்டது. ஆகையால் இது முடிந்துபோன பழங்கதையல்ல. மத்திய சர்க்காரின் திட்டத்திலும் 2024-ஆம் வருஷத்துத் தீர்மானத்தின்படி ஈட்டுத் தொகைக்கு ஆதரவு விலையில் 15 சதவீதம் என்று எல்லை கட்டியிருக்கிறார்கள். 7,263 ரூபாயில் 15 சதவீதம் சுமார் 1,089 ரூபாய். மார்க்கெட் விலை 6,174 ரூபாய்க்குக் கீழே போனால், அதற்குக் கீழ்ப்பட்ட நஷ்டத்தை மத்திய சர்க்காரின் ஈட்டுத் தொகை ஈடுசெய்யாது.

ஆகவே நான் இன்று வற்புறுத்த விரும்பும் விஷயம் இதுவே: உதவித் தொகை நல்ல விற்பனைக்குத் துணையாகுமேயன்றி, நல்ல விற்பனைக்குப் பதிலாகாது. விற்பனையில் தோற்றவனை உதவித் தொகை கரையேற்றாது.

இப்பொழுது, பணம் ஏன் நம் கைக்கு வருவதில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். நான் கண்டவரையில் காரணங்கள் மூன்று.

முதற் காரணம், கடன். ஆடிப் பட்டத்தில் விதைக்கும், களையெடுப்புக் கூலிக்கும் ஒருவரிடம் முன்பணம் வாங்குகிறோம். 'விளைந்ததும் சரக்கை என்னிடமே போடவேண்டும்' என்பது நிபந்தனை. செடியைப் பிடுங்கிய மறுநாளே, ஈரம் உலருமுன் மூட்டைகள் அவர் வீட்டுக்குப் போய்விடுகின்றன. எடை அவருடையது, விலை அவருடையது, பில் கிடையாது. பிறகு அதே சரக்கு மார்க்கெட்டில் ஏறும்போது விற்பவன் பெயராக யார் பெயர் எழுதப்படும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிலவிடங்களில் குடியானவரின் சிட்டா நகலையும் பாங்கிப் புத்தகத்தையும்கூட வாங்கி வைத்துக்கொள்ளுகிறார்கள். தன் பெயரில் வந்த பணத்தைத் தான் காணாமலேயே பிறர் கையில் ஒப்புவிக்கும் இவ்வழக்கத்தை நாம் இன்றோடு நிறுத்தவேண்டும்.

இரண்டாவது காரணம், தஸ்தாவேஜு. சர்க்கார் பணம் பட்டாவையும் அடங்கலையும் பின்பற்றிப் போகிறது. பட்டா பாட்டனார் பெயரில் இருக்கும், பாகப்பிரிவினை வாய்ப்பேச்சாக நடந்திருக்கும், நிலத்தில் கடலை நிற்கும், அடங்கலில் 'தரிசு' என்று இருக்கும். இப்படியிருந்தால் எந்த உத்தியோகஸ்தரும் மனமிருந்தும் உதவ இயலாது. இதைவிட மோசமான நிலைமை குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோருடையது. 2019 முதல் வருஷத்திற்கு 6,000 ரூபாய் வீதம் மத்திய சர்க்கார் கொடுத்துவரும் உதவியும் நிலம் உடையவர்களுக்கே ஏற்பட்டது. உழுகிறவர் ஒருவர், உதவி பெறுகிறவர் வேறொருவர் என்பது நியாயமல்ல. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்துகொள்ள நம் ராஜ்யத்தில் 1969-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. எத்தனை பேர் அதை உபயோகித்துக்கொண்டார்கள்? நிலச் சொந்தக்காரர்களான அங்கத்தினர்களையும் ஒன்று கேட்டுக்கொள்ளுகிறேன். குத்தகைப் பதிவால் தங்கள் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தினால் ஏழையின் வாயில் மண் போடாதீர்கள். பதிவுக்கு மனம் இசையாவிட்டால், அவ்வருஷத்து உதவித் தொகையைப் பயிரிட்டவருக்கே கொடுப்பதாகச் சங்கத்தின் முன்னிலையில் எழுதிக் கையொப்பமாவது இடுங்கள்.

மூன்றாவது காரணம், ஈரம். ஆதரவு விலைக் கொள்முதலுக்கு மணிலாக்கொட்டையில் 8 சதவீதத்திற்கு மேல் ஈரம் இருக்கலாகாது; அரவைக் கொப்பரையில் 6 சதவீதத்திற்கு மேல் கூடாது. 'காயவைத்தால் எடை குறையுமே' என்று அஞ்சுகிறோம். கணக்குப் பார்ப்போம். 14 சதவீதம் ஈரமுள்ள 100 கிலோ கொட்டையை 8 சதவீதத்திற்குக் காயவைத்தால் சுமார் 93½ கிலோ நிற்கும். 7,263 ரூபாய் விலைக்கு அதன் கிரயம் சுமார் 6,790 ரூபாய். ஈரக் கொட்டைக்கு எந்த வியாபாரி 6,790 ரூபாய் கொடுப்பார்? மேலும் ஈரத்தில் பூசணம் பிடித்தால் அதில் உண்டாகும் நஞ்சு எண்ணெய்க்கும் பிண்ணாக்கைத் தின்னும் மாட்டுக்கும் தீங்கு செய்யும். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்று பழமொழி சொல்லிக் கணக்கையே விட்டுவிட்டோம். கணக்குப் பாராததனால்தான் உழக்கும் மிஞ்சவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இம்மூன்று குறைகளையும் தனியொரு குடியானவரால் நீக்கிக்கொள்வது கடினம். இங்கேதான் ஐக்கிய சங்கத்தின் வேலை தொடங்குகிறது. சங்கம் என்பது கடன் வாங்கும் இடம் மாத்திரமே என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. சாகுபடிக் கடனைக் காலத்தில் சங்கத்தில் பெற்றவர் முன்பணக்காரருக்குச் சரக்கைக் கட்டுப்படுத்தவேண்டிய அவசியம் இல்லை. அறுவடையானதும் அவசரப் பணம் தேவைப்பட்டால், சரக்கை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கில் வைத்து அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரையில் ஈட்டுக்கடன் பெற ஏற்பாடு இருக்கிறது. 60,000 ரூபாய் மதிப்புள்ள பத்துக் குவிண்டாலின் பேரில் 45,000 ரூபாய் வாங்கினால், 5 சதவீத வட்டி வீதத்தில் மூன்று மாதத்திற்கு வட்டி 563 ரூபாய்க்குள் அடங்கும். விலை குவிண்டாலுக்கு 100 ரூபாய் ஏறினாலும் 1,000 ரூபாய் கூடும். அதில் கிடங்கு வாடகையும் வண்டிக் கூலியும் கழித்துப் பார்த்து, லாபமிருந்தால் வைத்திருக்கலாம். விலை ஏறும் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் விலை மிகவும் இறங்கிய நாளில் விற்றே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் நீங்கும். உதவித் தொகைக்குக் காலவரம்பு இருக்குமானால் அதை அறிந்து, அக்காலத்திற்குள்ளேயே நல்ல நாளைத் தெரிந்துகொள்ளவும் இயலும்.

ஆகவே இந்தப் பருவத்திற்கு முன்னர் செய்யவேண்டிய சில காரியங்களைச் சங்கத்தார் முன் வைக்கிறேன்.

ஒன்று, செடி நிற்கும்போதே ஒவ்வொரு அங்கத்தினரின் சர்வே நம்பர், பரப்பு, பயிர் ஆகியவற்றைச் சங்கப் புத்தகத்தில் எழுதி, கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலோடு ஒத்துப் பார்க்கவேண்டும். தவறு இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லலாம். அறுவடையான பின் வெறும் நிலத்தைக் காட்டிக் கேட்பதில் பயனில்லை.

இரண்டு, சங்கத்தில் முத்திரையிட்ட ஒரு தராசும், ஈரம் பார்க்கும் கருவி ஒன்றும் வாங்கி வைக்கவேண்டும். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் பெரியோர். மார்க்கெட்டுக்குப் போகுமுன் நம் சரக்கின் எடையும் ஈரமும் நமக்குத் தெரிந்திருந்தால், அங்கே எவரும் கழிவு பேச முடியாது.

மூன்று, பொதுக் களம் ஒன்றைச் செப்பனிட்டு, முறை வைத்துக் காயவைக்கவேண்டும். தாய்மார்கள் இதில் அதிகமாக உழைக்கிறவர்கள். ஆகவே இக்காரியத்தை நடத்தும் கமிட்டியில் அவர்களும் இருக்கவேண்டும். நிலம் குடும்பத் தலைவியின் பெயரில் இருந்தால் பாங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

நான்கு, ஐந்து மூட்டை பத்து மூட்டையாகத் தனித்தனியே போகாமல், ஒரே தரமான சரக்கைச் சேர்த்து ஒரே வண்டியில் கொண்டுபோக வேண்டும். ஆனால் பில் அவரவர் பெயரில் தனித்தனியே வாங்கவேண்டும். பில் இல்லாத விற்பனை உதவித் தொகைக் கணக்கில் நடவாத விற்பனையே.

ஐந்து, திட்டத்தின் விவரம், பதிவுக்குக் கடைசித் தேதி, அன்றாட மார்க்கெட் விலை ஆகியவற்றைச் சங்கத்தின் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கவேண்டும். யாருக்கு எவ்வளவு வந்தது என்பதும் அதே பலகையில் வரட்டும். பகிரங்கமாக வைத்த கணக்கில் மோசம் நுழைவது கடினம்.

இவை பெரிய காரியங்களல்ல. ஒரு சங்கம் ஒரு பருவத்தில் செய்யக் கூடியவை. திட்டங்களில் குறைகள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சராசரி விலையில் கணக்கிடுவது ஏழைக்குப் பாதகமாக முடிகிறது என்பதை மேலே சொன்ன எண்களே காட்டுகின்றன. எண்களோடும் பில்களோடும் எழுதி அனுப்பும் மனுவுக்கு உள்ள பலம் வெறும் முறையீட்டுக்கு இல்லை. நம் சங்கப் புத்தகம் ஒழுங்காக இருந்தால், எவ்வளவுக்கு விற்றோம், எவ்வளவு வந்தது, எவ்வளவு நஷ்டம் என்று மேலிடத்தாருக்கு நாமே எடுத்துக்காட்டி விதிகளைத் திருத்தச் சொல்லலாம்.

இக்கூட்டம் கலைவதற்கு முன் ஒரு காரியமாவது தொடங்கட்டும் என்பது என் வேண்டுகோள். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் சர்வே நம்பரையும், இவ்வருஷம் கடலை வைத்திருக்கும் பரப்பையும், சொந்த நிலமா குத்தகையா என்பதையும் காரியதரிசியிடம் சொல்லி எழுதச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். காரியதரிசி புத்தகத்துடன் தயாராக இருக்கிறார்.